குழுவுக்கு வரும் மானியம் விதைநெல் மாதிரி: கேட்பது எப்படி, காப்பது எப்படி?

பக்கத்து ஊர் விவசாயிகள் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் வந்து ரோட்டவேட்டர் வாங்கிவிட்டார்கள். நம்ம ஊர்க் குழுவும் அதே வருஷம்தான் தொடங்கியது, இன்னும் ஒரு பைசா வரவில்லை. இப்படி ஒரு குறை பல ஊர்களில் கேட்கிறது. இன்னொரு குறையும் உண்டு. பணம் வந்தது, கருவியும் வந்தது. ஆனால் அது ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நின்று துருப்பிடிக்கிறது, குழுவில் பாதிப் பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

இரண்டு குறைக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். குழுவுக்கு வரும் பணத்தை இனாம் என்று நினைத்துக் கணக்கும் விதிமுறையும் இல்லாமல் இறங்குவது. கணக்கு இல்லாத குழுவுக்குப் பணம் வருவது கடினம். வந்தாலும் நிலைக்காது. குழுவுக்கு வரும் மானியத்தை விதைநெல் மாதிரி பார்க்க வேண்டும். பங்கு போட்டுச் சமைத்தால் ஒரு வேளைச் சோறு. விதைத்துக் காப்பாற்றினால் வருஷா வருஷம் விளைச்சல். அதை எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது, வந்த பிறகு எப்படிக் காப்பது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில், வருவது எந்தப் பணம்?

எல்லாவற்றையும் "மானியம்" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பல குழப்பங்கள் வருகின்றன. குழுக்களுக்கு வரும் பணம் நான்கு வகை.

1. தொகுப்பு நிதி: குழுவின் வங்கிக் கணக்கிலேயே வரும் பணம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் எந்த வேலைக்கு என்று சொல்லித் தந்தார்களோ அதற்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும்.

2. பின்னேற்பு மானியம்: முதலில் குழு தன் பணத்தையோ வங்கிக் கடனையோ போட்டு வாங்க வேண்டும். அதிகாரிகள் நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகு மானியம் கணக்கில் ஏறும். பொதுவாக அனுமதி ஆணை கைக்கு வரும் முன்பே வாங்கிய கருவிக்கு இந்த மானியம் கிடைக்காது. அவசரப்பட்டு முன்னாலேயே வாங்கிவிடாதீர்கள்.

3. இணைப் பங்கு மானியம்: உறுப்பினர்கள் பங்குத்தொகை போட்டால், அதற்கு ஈடாக அரசும் ஒரு தொகை போடுவது. நீங்கள் போடாவிட்டால் அரசும் போடாது.

4. வட்டிச் சலுகைக் கடன்: இது மானியமே அல்ல, கடன். எடுத்துக்காட்டாக, 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. சேமிப்புக் கிடங்கு கட்ட நல்ல வழிதான். ஆனால் அசலை முழுதாகக் கட்டியாக வேண்டும்.

குழுக் கூட்டத்தில் யாராவது "மானியம் வருது" என்று சொன்னால், "இந்த நாலில் எது?" என்று முதல் கேள்வி கேளுங்கள்.

எந்தக் குழுவுக்கு எங்கே வழி?

உழவர் உற்பத்தியாளர் குழு

தமிழ்நாடு அரசு 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 20 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்தால் 100 பேர் கொண்ட ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவுக்கும் பண்ணைக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி என்பது திட்டத்தின் அடிப்படை. முதல் ஆண்டிலேயே 2,000 குழுக்களுக்கு என 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இதில் சிறு விவசாயி என்றால் 5 ஏக்கர் வரை, குறு விவசாயி என்றால் இரண்டரை ஏக்கர் வரை நிலம் உள்ளவர். உங்கள் ஊரில் இந்தக் குழு ஏற்கெனவே இருக்கிறதா, நீங்கள் அதில் உறுப்பினரா என்பதை உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். தன் பெயர் குழுப் பட்டியலில் இருப்பது தெரியாத விவசாயியும் உண்டு. அப்படியானால் முதலில் அந்தக் குழுவின் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்

மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம் 2020 பிப்ரவரி 29-ல் தொடங்கியது. 2027-28 வரையிலான மொத்த ஒதுக்கீடு 6,865 கோடி ரூபாய். சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 விவசாயிகளும் மலைப் பகுதியில் குறைந்தது 100 விவசாயிகளும் உறுப்பினராக வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு அலுவலகம், ஊழியர் சம்பளம் போன்ற நிர்வாகச் செலவுக்காக மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

இணைப் பங்கு மானியம் ஓர் உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய். கணக்கு எளிது. 300 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் 3 லட்சம். அரசும் 3 லட்சம் போடும். 750 பேர் ஆளுக்கு 2,000 போட்டால்தான் முழு 15 லட்சமும் கிடைக்கும். அரசு போடும் பணமும் உறுப்பினர்களின் பங்காகவே சேர்கிறது. ஆகவே இதில் பங்குத்தொகை போடுவது நன்கொடை அல்ல, உங்கள் பெயரில் இருக்கும் சொத்து. பங்குச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பட்டாவோடு சேர்த்து வையுங்கள்.

இந்தத் திட்டத்தின் 10,000-ஆவது அமைப்பு 2025 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டுவிட்டது. அதனால் இப்போது பல ஊர்களுக்குப் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்குவதை விட, அருகில் ஏற்கெனவே உள்ள நல்ல நிறுவனத்தில் சேர்வதே புத்திசாலித்தனம். சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். போன ஆண்டு பொதுக்குழு நடந்ததா? தணிக்கைக் கணக்கு இருக்கிறதா? போன பருவத்தில் எத்தனை உறுப்பினர்களின் விளைபொருளை வாங்கி விற்றார்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் சேரலாம். கம்பெனிச் சட்டப்படி உற்பத்தியாளர் நிறுவனத்தில் பொதுவாக ஒருவருக்கு ஓர் ஓட்டுதான். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அதே ஓர் ஓட்டு. அரை ஏக்கர்காரரும் பத்து ஏக்கர்காரரும் அங்கே சமம்.

மகளிர் சுய உதவிக் குழு

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு முயற்சி 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. இன்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் இந்தக் குழுக்களுக்குச் சுழல் நிதி தரப்படுகிறது. தொடக்கத்தில் குழுவுக்கு 10,000 முதல் 15,000 ரூபாய் வரை இருந்த இந்தத் தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. இதற்கு அடிப்படை பஞ்ச சூத்திரம் என்று சொல்லும் ஐந்து பழக்கங்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் கொடுப்பது, கொடுத்த கடன் தவறாமல் திரும்புவது, கணக்குப் புத்தகத்தை அன்றன்றைக்கு எழுதுவது. கறவை மாடு, ஆடு, காய்கறிச் சாகுபடி செய்யும் பெண்களுக்கு இதுவே முதல் படி. விவரங்களுக்கு மகளிர் திட்ட அலுவலகத்தை அணுகலாம்.

ஏரி, கண்மாய்ப் பாசனதாரர் சங்கம்

2017-ல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் ஏரி, கண்மாய், மதகு, வரத்துவாய்க்கால் சீரமைப்பு வேலைகள் அந்தந்த ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களுக்கே தரப்பட்டன. மதிப்பீட்டில் 10 சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி. நமக்கு நாமே திட்டத்திலோ பெரும்பாலான வேலைகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும்.

இரண்டிலும் பாடம் ஒன்றே. ஊர்ப் பங்கு இல்லாமல் அரசுப் பங்கு வராது. திட்டத்தின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறலாம், ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். ஆனால் செயல்படும் சங்கமும் ஊர்ப் பங்குக்கான சேமிப்பும் கையில் இருக்கும் ஊர், எந்தத் திட்டம் வந்தாலும் முதல் ஆளாக விண்ணப்பிக்கும்.

ஊர் அறக்கட்டளை, விவசாயிகள் சங்கம்

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை ஊர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டம். மண், நீர்ப் பாதுகாப்பும் கிராம மேம்பாடும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் பகுதியில் பெரிய ஆலை இருந்தால் குளம் தூர்வாரக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பணத்தைக் கம்பெனி எல்லோரிடமும் கொடுத்துவிட முடியாது. பணம் பெறும் அறக்கட்டளையோ சங்கமோ வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளும், சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும், அதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவமும் வைத்திருக்க வேண்டும். நேற்றுத் தொடங்கிய ஊர்ச் சங்கத்துக்கு இது உடனே முடியாது. அந்தத் தகுதியுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, வேலையை உங்கள் ஊரில் செய்யச் சொல்லிக் கேட்பதே நடைமுறை வழி. கண்மாயும் குளமும் அரசு நிலம் என்பதால் யார் பணம் போட்டாலும் உரிய அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்கக் கூடாது.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாத சங்கம் வெளிநாட்டு அமைப்பிடம் நன்கொடை வாங்கக் கூடாது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள நிறுவனமும் அந்தப் பணத்தை வேறு சங்கத்துக்கு மாற்றித் தர முடியாது. "வெளிநாட்டு நிதி வாங்கித் தருகிறோம், கணக்கு எண் கொடுங்கள்" என்று யார் வந்தாலும் விலகி நில்லுங்கள்.

கேட்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பணம் கொடுப்பவர் அரசாக இருந்தாலும் கம்பெனியாக இருந்தாலும் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

• தீர்மானப் புத்தகம்: ஒவ்வொரு கூட்டத்தின் தேதி, வந்தவர்கள் கையெழுத்து, எடுத்த முடிவு. கூட்டம் நடக்காமல் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் வேண்டாம். பின்னால் தகராறு வரும்போது அந்தப் புத்தகம் உங்களைக் காப்பாற்றாது.

• குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு: குறைந்தது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று இருக்கட்டும். தலைவரின் சொந்தக் கணக்கில் குழுப் பணம் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

• ரொக்கப் பதிவேடு: வரவும் செலவும் அன்றைக்கே எழுதியது, ரசீதுகள் ஒட்டியது.

• உறுப்பினர் பட்டியல்: பெயர், நில அளவு, பயிர், ஆதார், கைப்பேசி எண். குத்தகைக்கு உழுபவர்களையும், நிலம் கணவர் பெயரில் இருந்தாலும் வயலில் உழைக்கும் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். கருவி யாருக்கு உண்மையில் தேவையோ அவர்கள் குழுவில் இருக்க வேண்டும்.

• பதிவுச் சான்றும் பான் அட்டையும்: சங்கமாகப் பதிவு செய்ய நினைத்தால், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பதிவோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் பொதுக்குழு நடத்திக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பல ஆண்டுகள் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

"எங்கள் ஊர் பின்தங்கிய ஊர், ஆவன செய்யுங்கள்" என்று எழுதும் மனு அலமாரியில்தான் தங்கும். ஒரு நல்ல விண்ணப்பம் ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லும்: என்ன சிரமம், எத்தனை பேருக்கு, எது தீர்க்கும், என்ன செலவு, எங்கள் பங்கு என்ன. ஒரு மாதிரி பாருங்கள்:

"எங்கள் குழுவில் 100 விவசாயிகள், மொத்தம் 140 ஏக்கர். அதில் 90 ஏக்கரில் நிலக்கடலை பயிரிடுகிறோம். அறுவடைக் காலத்தில் காய் பறிக்க ஆள் கிடைக்காமல், பிடுங்கிய செடி வயலிலேயே கிடந்து மழையில் நனைகிறது. நிலக்கடலை காய் பறிக்கும் இயந்திரம் இரண்டு இருந்தால் இந்தச் சிரமம் தீரும். மூன்று கடைகளின் விலைப்புள்ளி இணைத்துள்ளோம். இயந்திரம் வைக்கக் கொட்டகை அமைக்கும் செலவைக் குழு ஏற்கும். வாடகை, பராமரிப்பு விதிமுறையைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றியுள்ளோம்."

இதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் படிக்கும் அதிகாரிக்குக் கேட்க வேறு கேள்வியும் இல்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பொது வேலை என்றால் கிராம சபைத் தீர்மானம் பெரிய பலம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்து போய், குளத்தின் பெயரும் செய்ய வேண்டிய வேலையும் குறிப்பிட்டுத் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மான நகலையும் வாங்குங்கள்.

பணம் வந்த பிறகு: வாடகைக் கணக்கு

கருவி வந்த அன்றைக்கு மாலை போட்டுப் படம் எடுப்பது சரி. அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியது வாடகை. "நம்ம கருவிதானே, உறுப்பினருக்கு இலவசம்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் முறை கத்தி தேய்ந்ததும் மாற்றப் பணம் இருக்காது. அதன் பிறகு கருவி கொட்டகையை விட்டு வெளியே வராது.

ஒரு கணக்குக்காக, 1,20,000 ரூபாய்க்கு ஒரு ரோட்டவேட்டர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டு உழைக்கும் என்று எடுத்துக்கொண்டால்,

• ஆண்டுத் தேய்மானம்: 20,000 ரூபாய்
• கத்தி, பேரிங், கிரீஸ், பழுது: 10,000 ரூபாய்
• பொறுப்பாளர் ஊதியம், கொட்டகைச் செலவு: 6,000 ரூபாய்
• ஆண்டுக்கு மொத்தம்: 36,000 ரூபாய்

ஆண்டுக்கு 240 மணி நேரம் ஓடினால், மணிக்கு 150 ரூபாய் அடக்கம். டிராக்டர் வாடகை இதில் சேராது. இதற்குக் கீழே வாடகை வைத்தால் நஷ்டம்.

உறுப்பினருக்கு 160, வெளியாருக்கு 200 என்று வைப்போம். உறுப்பினர்கள் 180 மணி நேரம் எடுத்தால் 28,800. வெளியார் 60 மணி நேரம் எடுத்தால் 12,000. மொத்த வரவு 40,800 ரூபாய். பழுதுக்கும் பொறுப்பாளருக்கும் 16,000 போக, 24,800 ரூபாய் வங்கியில் சேரும். ஆறு ஆண்டில் 1,48,800 ரூபாய். பழைய ரோட்டவேட்டர் ஓய்ந்துபோகும்போது, விலை ஏறியிருந்தாலும் புதியது வாங்கப் பெரும்பகுதிப் பணம் தயார். இதுதான் விதைநெல்லைக் காப்பது. ஒருமுறை வந்த மானியம் தலைமுறைக்கும் ஓடும்.

உங்கள் ஊர் விலையையும் ஓட்ட நேரத்தையும் போட்டு இதே கணக்கைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் போடுங்கள். கணக்கு புரிந்தவர்கள் வாடகையைப் பற்றி முணுமுணுக்க மாட்டார்கள்.

இத்துடன் மூன்று பதிவேடுகள் வேண்டும். எந்தக் கருவி, எப்போது, என்ன விலைக்கு வந்தது என்ற இருப்புப் பதிவேடு. யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டினார் என்ற வாடகைப் பதிவேடு. எப்போது என்ன பழுது என்ற பராமரிப்புப் பதிவேடு. வாங்கிய பில்லையும் உத்தரவாத அட்டையையும் படம் எடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஒருவர் வீட்டில் தொலைந்தாலும் நூறு பேர் கையில் இருக்கும். பணம் கொடுத்தவர்கள் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும்போது இந்தப் பதிவேடுகளே ஆதாரம். முதல் தவணைக்குச் சான்றிதழ் கொடுக்காததால் அடுத்த தவணை நிற்பது சாதாரணமாக நடக்கும் விஷயம்.

குழு உடையும் இடங்கள்

குழுக்கள் பெரும்பாலும் பணத்தால் உடைவதில்லை, முறையால் உடைகின்றன. நடவு நேரத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் கருவி வேண்டும். தலைவர் வயலும் அவர் சொந்தக்காரர் வயலும் முதலில் முடிந்தால், மற்றவர்கள் மனசு அங்கேயே விட்டுப்போகும்.

நம் ஊர்களில் ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிய அனுபவம் இருக்கிறது. நீர்க்கட்டி மடையைத் திறந்து, முறைப்படி ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் விடுவார். அவருக்கு ஊர் கூலி கொடுக்கும். கருவிக்கும் அதே வழிதான். பருவம் தொடங்கும் முன் குலுக்கல் போட்டு முறைப் பட்டியல் எழுதி, பொது இடத்தில் ஒட்டுங்கள். அடுத்த பருவத்தில் பட்டியலைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். சம்பளம் வாங்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். அவர் நிர்வாகிகளின் வீட்டு ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது.

வாடகைப் பாக்கிக்கும் ஒரு விதி வேண்டும். பழைய பாக்கி கட்டாதவருக்கு அடுத்த முறை கருவி இல்லை என்பது தலைவருக்கும் பொருந்த வேண்டும். நிர்வாகிகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நல்லவராகவே இருந்தாலும் மாற்றுங்கள். கணக்கு இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான் அது சரியாக இருக்கிறதா என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒருமுறை வரவு செலவை வாய்விட்டுப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் அது உரிமை.

ஏமாறாமல் இருக்க

• மானியம் வாங்கித் தர "10 சதவீதம் முன்பணம்" கேட்பவரிடம் ஒரு ரூபாயும் தராதீர்கள். பணம் கட்ட வேண்டிய இடம் இருந்தால் அலுவலக ரசீது வரும்.

• வெற்றுத் தாளிலும் நிரப்பாத காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

• ஒரே கடைக்காரர் கொடுக்கும் மூன்று விலைப்புள்ளியை நம்பாதீர்கள். குழுவில் மூன்று பேர் வெவ்வேறு கடைக்கு நேரில் போய் விசாரியுங்கள். விலையோடு, உதிரிபாகமும் பழுது பார்க்கும் மெக்கானிக்கும் அருகில் கிடைப்பார்களா என்றும் கேளுங்கள்.

• பில்லில் உள்ள கருவியும் வந்து இறங்கிய கருவியும் ஒன்றுதானா என்று வரிசை எண்ணைப் பார்த்துச் சரிபாருங்கள்.

விண்ணப்பம் கொடுத்து மாதக்கணக்கில் பதில் இல்லையா? மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில், முத்திரை வாங்கிய நகலோடு எழுந்து கேளுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். "ஏன் தரவில்லை" என்று கேட்பதைவிட, "எங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது, எங்கள் வட்டாரத்தில் இந்த ஆண்டு எந்தெந்தக் குழுவுக்கு எவ்வளவு தரப்பட்டது" என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

இப்போது என்ன செய்யலாம்?

ஒதுக்கீடும் மானிய விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களிலேயே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள். கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தைக் கேளுங்கள். உழவன் செயலியிலும் திட்ட விவரங்கள் பார்க்கலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அதற்கு முன், இந்த வாரமே உங்கள் குழுவைக் கூட்டித் தீர்மானப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எல்லோர் முன்னிலையிலும் திறந்து வையுங்கள். கடைசியாக எழுதிய பக்கத்தின் தேதி ஆறு மாதத்துக்கு முந்தையதாக இருந்தால், விண்ணப்பம் எழுதும் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்தப் புத்தகத்தை எழுதி முடியுங்கள்.